ராஜினாமா செய்தவருக்கு ஆட்குறைப்புக் கடிதம் கேட்டார்கள்: உங்களுக்கும் நடந்ததா?

துவாஸ் கணக்கர்
சின்னக் கம்பெனி ஒன்றில் சம்பளக் கணக்கும் ஆட்கள் விவகாரமும் என் பொறுப்பு. சூப்பர்வைசரோடு ஒத்துப்போகாமல் வேலையை விட்டுப் போன தம்பி ஒருவர் போன மாதம் கூப்பிட்டார். "அக்கா, ஆட்குறைப்புன்னு ஒரு லெட்டர் மட்டும் போட்டுக் குடுங்க. கம்பெனிக்கு என்ன நட்டம்?"

அவர் குறி வைத்தது, 2025 ஏப்ரலில் சிங்கப்பூர் அரசு தொடங்கிய ஸ்கில்ஸ்ஃபியூச்சர் வேலை தேடுவோர் ஆதரவுத் திட்டம். ஆறு மாதத்தில் 6,000 வெள்ளி வரை கிடைக்கும். முதல் மாதம் அதிகபட்சம் 1,500. ஆனால் ஆட்குறைப்பு, பணிநீக்கம், கம்பெனி மூடல், நோய் என்று தன் விருப்பமில்லாமல் வேலை இழந்தவர்களுக்குத்தான். தானாக விட்டவருக்கு இல்லை.

வீட்டுக் கடன், இரண்டு பிள்ளைகள். மறுக்க எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் உள்ளதைச் சொன்னேன்: பொய் சொல்லி அரசுப் பணம் வாங்குவது ஏமாற்றுக் குற்றம். தண்டனைச் சட்டம் 420ஆம் பிரிவில் 10 ஆண்டு வரை சிறை, அபராதமும் உண்டு. கடிதத்தைப் போலியாகத் தயாரித்தால் அது தனிக் குற்றம். எழுதிக் கொடுக்கிற நானும் உடந்தை. பிடிபட்ட பிறகு பணத்தைத் திருப்பிக் கட்டினால் தண்டனை குறையலாம், வழக்கு மறைந்துவிடாது. அதன்பின் வேலை தேடும் இடமெல்லாம் அந்தத் தீர்ப்பும் கூடவே வரும். பலர் இதை யோசிப்பதே இல்லை.

"ராஜினாமா கொடுன்னு யாராவது நெருக்கினாங்களா தம்பி?" என்றும் கேட்டேன். அப்படியானால் அது நியாயமற்ற பணிநீக்கம். கடைசி வேலை நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள், வேலைத் தகராறுகளைத் தீர்த்துவைக்கும் அமைப்பான டிஏடிஎம்-இல் (TADM) புகார் கொடுக்கலாம். இல்லை, தானேதான் விட்டதாகச் சொன்னார். கஷ்டப்படும் குடும்பங்களுக்கு அரசு தரும் உதவித் திட்டமான கொம்கேரின் எண் 1800-222-0000 கொடுத்தேன்.

ஈசூன் அம்மா
நல்ல காரியம் செஞ்சீங்க அக்கா. என் தங்கச்சி மகனுக்கு டெலிகிராமில் ஒருத்தன், "சிங்பாஸ் விவரம் குடு, எல்லாம் நான் பார்த்துக்கறேன், பாதி எனக்கு"ன்னு செய்தி அனுப்பினான். சிங்பாஸ்னா அரசாங்க இணையச் சேவைக்கெல்லாம் நாம நுழையற லாகின். குற்றம் செய்ய உதவும்படி சிங்பாஸைக் கொடுத்தாலே மூணு வருஷம் வரை ஜெயில், 10,000 வெள்ளி வரை அபராதம், இல்ல ரெண்டுமே. உடனே பிளாக் பண்ண வெச்சேன். போலீஸ்லயும் சொல்லிட்டோம்.

துவாஸ் கணக்கர்
சொன்னது ரொம்ப நல்லது மா. அந்தத் தம்பிக்குச் சமூக சேவை அலுவலகத்தில் நேரம் கிடைத்திருக்கிறது. பொருட்கிடங்கு வேலை ஒன்றுக்கும் எழுதிப் போட்டிருக்கிறார். வேலை அனுபவக் கடிதம் கேட்டார். சேர்ந்த தேதி, விலகிய தேதி, பார்த்த வேலை எல்லாம் உள்ளபடி எழுதிக் கொடுத்தேன்.