திராட்சை வைன்: ஐந்தாம் நாளில் குமிழ் நின்றுவிட்டது, காப்பாற்ற வழியுண்டா?

மேல்தளவாசி:
அனைவருக்கும் வணக்கம். முதன்முறையாக வீட்டில் திராட்சை வைன் போட்டிருக்கிறேன். முதல் மூன்று நாள்கள் ஜாடிக்குள் நுரை பொங்கிக்கொண்டே இருந்தது. நேற்றிலிருந்து ஒரு குமிழ்கூட இல்லை. சிறிது எடுத்துச் சுவைத்தேன். பாகு போல் இனிக்கிறது. எல்லாவற்றையும் வழக்கமான முறையில்தான் செய்தேன். வரும் ஆகஸ்ட் மாதம் பெற்றோரின் 40ஆவது திருமண நாள். அதற்காகவே இந்த முயற்சி. தெரிந்தவர்கள் விரைவில் சொல்லுங்கள்.

பழரசப்பிரியை:
வழக்கமான முறை என்பது வீட்டுக்கு வீடு மாறும். பழம் எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு, ஈஸ்ட் எது, ஜாடியின் வாயை எப்படி மூடினீர்கள் என்பவற்றைச் சொன்னால்தான் யாராலும் உதவ முடியும்.

புரசைப்_பேரன்:
கோதுமை போட்டீர்களா? எங்கள் பாட்டி கிறிஸ்துமஸுக்காக நவம்பர் தொடக்கத்திலேயே பீங்கான் ஜாடியில் பன்னீர் திராட்சையை நசுக்கிப் போட்டு, பட்டை, கிராம்புடன் ஒரு கை கோதுமையும் சேர்த்து, இருபத்தொரு நாள் காலைதோறும் மர அகப்பையால் கிளறுவார். கோதுமை இல்லாத ஜாடி பாதியில் படுத்துவிடும் என்பது அவர் சொல். உங்களுக்கும் அதுதான் நடந்திருக்கும்.

மேல்தளவாசி:
மன்னிக்க வேண்டும், அவசரத்தில் எழுதிவிட்டேன். கோயம்பேட்டில் வாங்கிய கம்பம் பன்னீர் திராட்சை 2 கிலோ, சர்க்கரை 2 கிலோ, கொதிக்க வைத்து ஆறிய நீர் 2 லிட்டர், கேக் செய்வதற்கு வாங்கி வைத்திருந்த உலர் ஈஸ்ட் ஒரு தேக்கரண்டி, இரண்டு துண்டு பட்டை, நான்கு கிராம்பு. கோதுமையும் ஒரு கை போட்டேன் ஐயா. வாயை வெள்ளைத் துணியால் கட்டி மேலே தட்டு வைத்திருக்கிறேன்.

நொதி_ஆசான்:
இதே கேள்விக்கு நான் எழுதிய பதில்கள் இங்கேயே பல இழைகளில் கிடக்கின்றன. தேடிப் படிக்கும் பொறுமை புதியவர்களிடம் இல்லை. இருந்தாலும் இன்னொரு முறை சொல்கிறேன். இம்முறையாவது எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

2 கிலோ திராட்சையில் ஏறக்குறைய 1.4 லிட்டர் சாறு கிடைக்கும். அதில் இயற்கையாகவே கால் கிலோ அளவுக்குச் சர்க்கரை உண்டு. நீங்கள் போட்ட 2 கிலோவைச் சேர்த்தால் இரண்டேகால் கிலோ. கரைந்த சர்க்கரையும் இடம் பிடிக்கும் என்பதால் ஜாடியில் உள்ள திரவம் சுமார் 4.6 லிட்டர். ஆக, லிட்டருக்கு 485 கிராம் சர்க்கரை. லிட்டருக்கு 17 கிராம் சர்க்கரை நொதித்தால் ஒரு சதவீத ஆல்கஹால் உருவாகும். உங்கள் கணக்குப்படி 28 சதவீதம் வந்தாக வேண்டும். எந்த வைன் ஈஸ்ட்டும் அவ்வளவு தூரம் உயிரோடு போகாது. அடர்ந்த சர்க்கரைக் கரைசல் செல்லுக்குள் இருக்கும் நீரை வெளியே இழுத்துவிடும். ஊறுகாயும் ஜாமும் கெடாமல் இருப்பது இந்தக் காரணத்தால்தான். நீங்கள் போட்டது வைன் அல்ல, பழப்பாகு.

அகப்பை_அக்கா:
ஆசான் ஐயாவின் கணக்கு சரி, சொல்லும் விதத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளலாம். சம பங்கு பழம், சம பங்கு சர்க்கரை என்பது பல வீடுகளில் கைமாறி வந்த அளவு. அதில் வரும் இனிப்பு வைனைத்தான் நம்மில் பலர் கேக்குடன் குடித்து வளர்ந்தோம்.

கொடிமுந்திரி:
தவறு சர்க்கரையில் இல்லை, ஈஸ்ட்டில். பேக்கரி ஈஸ்ட்டைப் போட்டு வைன் செய்ய நினைப்பதே பிழை. திராட்சையின் தோலில் படிந்திருக்கும் வெள்ளைப் பொடிதான் இயற்கை ஈஸ்ட். பழத்தைக் கழுவாமல் நசுக்கிப் போட்டால் வெளியிலிருந்து எதுவுமே சேர்க்க வேண்டியதில்லை.

நொதி_ஆசான்:
அந்த வெள்ளைப் பொடி ஈஸ்ட் அல்ல. பழம் தன் ஈரத்தைக் காக்கச் சுரக்கும் மெழுகு. அதன்மேல் சில காட்டு ஈஸ்ட்டுகள் ஒட்டியிருக்கும் என்பது உண்மைதான், ஆனால் அவற்றில் பெரும்பாலானவை நான்கைந்து சதவீத ஆல்கஹாலிலேயே ஓய்ந்துவிடும். பேக்கரி ஈஸ்ட், வைன் ஈஸ்ட் இரண்டும் சாக்கரோமைசஸ் செரிவிசியே என்ற ஒரே இனம். வளர்ப்பு வகைதான் வேறு. பேக்கரி வகை சீக்கிரம் களைத்துவிடும், மண்டி இறுகப் படியாது, அவ்வளவே.

கொடிமுந்திரி:
ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகளாகக் காட்டு ஈஸ்ட்டை நம்பித்தான் வைன் செய்தார்கள். பிரெஞ்சு அறிவியலாளர் லூயி பாஸ்டர் நொதித்தலை ஆராய்ந்ததே 1850களில்தான். அதற்கு முன் யார் பொட்டலம் வாங்கிப் போட்டார்கள்?

நொதி_ஆசான்:
அங்கே தலைமுறை தலைமுறையாக ஒரே தொட்டியிலும் ஒரே பீப்பாயிலும் நொதிக்க வைத்தார்கள். வலுவான ஈஸ்ட் அந்த மரத்திலேயே குடியிருந்தது. நேற்றுத்தான் கழுவிக் கவிழ்த்த ஊறுகாய் ஜாடிக்கு அந்த வரலாறு கிடையாது. மேலும், நம் பழங்களில் பூச்சிமருந்து படிந்திருக்கக்கூடும். கழுவ வேண்டாம் என்று புதியவரிடம் சொல்வது பொறுப்பற்ற பேச்சு.

சட்டத்துணை:
குறுக்கிடுவதற்குப் பொறுத்தருள்க. 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் தமிழ்நாட்டில் இன்றும் நடப்பில் உள்ளது. அதன்படி உரிமமின்றி மது தயாரிப்பது குற்றம். விற்பனைக்கு அன்று, வீட்டுக்குத்தான் என்ற விளக்கம் அந்தக் குற்றத்தை நீக்கிவிடாது. இதைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

புரசைப்_பேரன்:
எங்கள் தெருவில் டிசம்பரில் வீட்டுக்கு வீடு ஜாடி இருக்கும். யாரும் வந்து கேட்டதில்லை.

சட்டத்துணை:
கேட்கவில்லை என்பது வேறு, அனுமதி இருக்கிறது என்பது வேறு.

பழரசப்பிரியை:
என் அம்மாவுக்கு வேறொரு அச்சம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்களே, அதற்குக் காரணமான மெத்தனால் என்ற நச்சு வீட்டு வைனிலும் உருவாகுமா?

வேதியியல்_மாணவி:
அக்கா, பழத்தோலில் உள்ள பெக்டின் சிதையும்போது மிகச் சிறிதளவு மெத்தனால் உருவாகும். கடைகளில் விற்கும் வைனிலும் அது உண்டு, அந்த அளவு உயிரைப் பறிக்காது. கள்ளக்குறிச்சியில் நடந்தது சாராயத்தில் மெத்தனாலையே கலந்த கொடுமை. ஆனால் வீட்டில் எவரும் எதையும் காய்ச்சி வடிக்க முற்படக் கூடாது; அது நெருப்பாலும் ஆபத்து, சட்டத்தாலும் ஆபத்து.

இழையைத் தொடங்கியவரிடம் ஒரு கேள்வி. இதுவரை யாரும் கேட்காதது வியப்பாக இருக்கிறது: ஜாடி எங்கே இருக்கிறது?

மேல்தளவாசி:
சமையலறைப் பரண்மேல், இருட்டான இடம் என்பதற்காக.

வேதியியல்_மாணவி:
உங்கள் பெயரைப் பார்த்தால் மொட்டைமாடிக்கு நேர் கீழே குடியிருக்கிறீர்கள் என்று தெரிகிறது. கத்திரி வெயிலில் அந்தத் தளத்தின் கீழுள்ள பரண் எப்படிக் கொதிக்கும் என்று சென்னையில் வாழும் நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. நொதித்தலே வெப்பத்தை வெளியிடும் வினை என்பதால் ஜாடியின் உள்பகுதி அறையைவிடச் சூடாக இருக்கும். தயவுசெய்து அளந்து பாருங்கள்.

மேல்தளவாசி:
காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் வெப்பமானியை வெந்நீரில் கழுவி உள்ளே நனைத்தேன். 102 டிகிரி காட்டியது.

வேதியியல்_மாணவி:
அது ஃபாரன்ஹீட் கணக்கு. செல்சியஸில் ஏறக்குறைய 39. சிவப்பு வைனுக்கு 30ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்வதே நல்லது. 35க்கு மேல், அதுவும் ஆல்கஹால் சேரத் தொடங்கிய பிறகு, ஈஸ்ட் வாடிவிடும். சர்க்கரை ஒரு பக்கம் அழுத்த, வெப்பம் மறுபக்கம் அழுத்த, இடையில் சிக்கி நின்றிருக்கிறது. புளிப்பு வாடையோ மேலே பூஞ்சைப் படலமோ இல்லையென்றால் காப்பாற்றலாம்.

முதலில் ஜாடியைத் தரைக்கு இறக்குங்கள். அகன்ற அண்டாவில் பாதி நீர் ஊற்றி அதில் ஜாடியை நிறுத்தி, ஈரத்துண்டைச் சுற்றுங்கள். கடற்காற்றின் ஈரப்பதத்தால் துண்டு மட்டும் இங்கே போதுமான அளவு குளிர்விக்காது. ஆகையால் காலையும் மாலையும் உறைய வைத்த தண்ணீர் பாட்டில் ஒன்றை அண்டா நீரில் போடுங்கள். அடுத்து, வெறும் நீரை மட்டும் ஊற்றினால் சுவை சப்பென்று ஆகிவிடும் என்பதால், இன்னும் 2 கிலோ பழத்தின் சாறும் ஆறிய நீர் 3 லிட்டரும் சேருங்கள். சர்க்கரை லிட்டருக்கு 275 கிராமுக்குக் குறையும். ஒரே ஜாடியில் கொள்ளாது. இரண்டாகப் பிரித்து, நுரை எழ இடம் விடுங்கள்.

பிறகு, அரைத் தம்ளர் வெதுவெதுப்பான நீரில் புது ஈஸ்ட் ஒரு தேக்கரண்டி போட்டு, நுரைத்ததும் ஜாடிச் சாற்றிலிருந்து அரைத் தம்ளர் எடுத்து அதில் ஊற்றுங்கள். மணிக்கொரு முறை இப்படி மூன்று முறை பழக்கிய பின்னரே முழுவதையும் ஜாடிகளில் சேருங்கள். நேரே கொட்டினால் புது ஈஸ்ட்டும் மிரண்டுவிடும்.

நொதி_ஆசான்:
வெப்பநிலையை நான் கேட்டிருக்க வேண்டும். மாணவி சொன்ன முறை சரியானது. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன்: குமிழ் மீண்டும் எழுந்தால், அது முற்றிலும் ஓயும்வரை இறுக மூடிய பாட்டிலில் ஊற்றாதீர்கள். ஒரு கிலோ சர்க்கரை முழுவதும் நொதித்தால் ஏறக்குறைய அரைக் கிலோ கார்பன் டைஆக்சைடு வெளியேறும். அதை அடைத்து வைத்த கண்ணாடி பாட்டில் வெடித்து முகத்தில் பாய்ந்ததை நேரில் பார்த்திருக்கிறேன்.

புரசைப்_பேரன்:
பாட்டி நவம்பரில் போட்டதற்குக் காரணம் இப்போதுதான் புரிகிறது. அது மழைக்காலம். கோதுமையைப் பற்றி மட்டும் இன்னும் பேசலாம்.

கொடிமுந்திரி:
கோதுமைக்கும் நொதித்தலுக்கும் என்ன தொடர்பு என்று யாராவது விளக்குங்களேன். முளைக்காத கோதுமையின் மாவுச்சத்தை ஈஸ்ட்டால் நேரடியாக உண்ண முடியாதே.

வேதியியல்_மாணவி:
மாவுச்சத்து உதவாது. ஆனால் தானியத்திலிருந்து இறங்கும் சிறிதளவு நைட்ரஜன் சத்து ஈஸ்ட்டுக்கு உணவாகலாம். நீரும் சர்க்கரையும் மிகுந்த வீட்டுக் கலவையில் அந்தச் சத்துத்தான் குறைவு. பாட்டி சொன்னதை முழுவதுமாகத் தள்ளிவிட வேண்டாம்.

மேல்தளவாசி:
நான்கு நாள் கழித்து வருகிறேன். இப்போது 86 டிகிரி, செல்சியஸில் 30. மூன்றாம் நாள் விடியற்காலையில் இரண்டு ஜாடிகளிலும் நுரை எழுந்தது. சட்டம் பற்றிய பதிவை அப்பாவிடம் காட்டினேன். இதோடு நிறுத்திக்கொள் என்கிறார். தங்கைக்கு மிக்க நன்றி.