பல்வலி தானாகவே நின்றுவிட்டது. திங்கட்கிழமை மருத்துவரிடம் போகத்தான் வேண்டுமா?

கேள்வி: இரவுவேலைக்காரி, பாயான் பாரு

எல்லாருக்கும் வணக்கம். பினாங்கில் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் இரவு ஷிஃப்ட் பார்க்கிறேன். கீழ்வரிசையில் இடப்பக்கக் கடைவாய்ப்பல்லில் சொத்தை இருப்பது ஒரு வருடமாகவே எனக்குத் தெரியும். ஐஸ் போட்ட பானம் பட்டால் சுரீர் என்று குத்தும், உடனே போய்விடும். அந்தப் பக்கம் மெல்லாமல் சமாளித்து வந்தேன்.

போன செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து வந்து காலை எட்டு மணிக்குப் படுத்தேன். தலையணையில் தலை சாய்ந்ததுமே விண் விண் என்று தெறிக்க ஆரம்பித்தது. எழுந்து உட்கார்ந்தால் கொஞ்சம் அடங்கும், படுத்தால் மறுபடியும் தொடங்கும். காதுவரை இழுத்ததால் கோளாறு காதில்தானோ என்றுகூட நினைத்தேன். இரண்டு பெனடோல் போட்டேன், அசையவில்லை. சூடாகத் தே தாரிக் ஒரு வாய் குடித்ததும் கண்ணீரே வந்துவிட்டது. ஆனால் ஐஸ் தண்ணீரை வாயில் வைத்திருந்தால் மட்டும் வலி நின்றது. மூன்று இரவும் ஐஸ் தண்ணீர்ப் போத்தலை லாக்கரில் வைத்துக்கொண்டு, நேரம் கிடைக்கும்போதெல்லாம் ஓடி ஓடி ஒரு வாய் குடித்துவிட்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் தூங்கி எழுந்தால் வலியே இல்லை. சூடான கோப்பி குடித்தேன், ஐஸ் கடித்தேன், ஒன்றும் தெரியவில்லை.

திங்கட்கிழமைக்கு ஒரு தனியார் கிளினிக்கில் தேதி வாங்கியிருக்கிறேன். "வலி போன பிறகு எதற்குப் பணத்தைக் கொட்ட வேண்டும்? பையனுக்குப் பள்ளிச் செலவு இருக்கிறதே" என்கிறார் வீட்டுக்காரர். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நாத்தனாரிடம் ஆன்டிபயாட்டிக் நான்கு மாத்திரை மிச்சம் இருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டால் போதுமா?

பதில் 1: ஜெலுத்தோங் தம்பி

அக்கா, எனக்கும் இப்படித்தான் வந்தது. கிராம்புத் தைலத்தைப் பஞ்சில் தொட்டு வைத்தேன், இரண்டே நாளில் சரியாகிவிட்டது. ஆறு மாதமாக ஒரு தொல்லையும் இல்லை. இப்போதைக்குப் பணத்தைப் பத்திரப்படுத்துங்கள்.

பதில் 2: பழைய மிஸ்ஸி

அம்மா, திங்கட்கிழமை கட்டாயம் போ. மற்றதைப் பிறகு சொல்கிறேன், முதலில் இதை மனத்தில் வை.

நான் ஓய்வுபெற்ற பல் மருத்துவத் தாதி. 1949ஆம் ஆண்டு முதல் பினாங்கில் நடந்துவரும் பல் தாதியர் பயிற்சிக் கல்லூரியில்தான் படித்தேன். வேனில் கருவிகளை ஏற்றிக்கொண்டு பள்ளி பள்ளியாகப் போயிருக்கிறேன். "நேற்று வலித்தது மிஸ்ஸி, இன்றைக்கு வலிக்கவில்லை" என்று சொல்லும் பிள்ளையின் வாயைத்தான் நான் முதலில் திறந்து பார்ப்பேன். அந்தப் பல்லுக்கு மேலே ஈற்றில் சின்னதாக ஒரு சீழ்க்கட்டி உட்கார்ந்திருப்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

நீ எழுதியிருப்பதிலேயே முழுக்கதையும் இருக்கிறது. பல்லின் வெளிப்பூச்சான எனாமலுக்கு உணர்ச்சி கிடையாது. வாயிலுள்ள கிருமிகள் சர்க்கரையைத் தின்று அமிலமாக்கி எனாமலை அரிக்கும். இரவு முழுவதும் தூக்கம் வராமலிருக்க இனிப்புக் கோப்பியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கும் பழக்கம் உனக்கு உண்டா? ஒவ்வொரு வாய்க்கும் ஏறக்குறைய அரை மணி நேரம் பல் அமிலத்தில் ஊறும். எவ்வளவு சர்க்கரை என்பதைவிட எத்தனை முறை என்பதுதான் பல்லைக் கெடுக்கிறது. எனாமல் ஓட்டையாகி, சொத்தை உள்ளே இருக்கும் டென்டின் என்ற அடுக்கைத் தொட்டால் ஐஸ் பட்டதும் சுரீர் என்னும், நொடியில் மறையும். ஒரு வருடமாக உனக்கு இருந்தது அதுதான். அப்போதே போயிருந்தால் பெரும்பாலும் அடைத்து அனுப்பியிருப்பார்கள்.

செவ்வாய்க்கிழமை கிருமி பல்லின் நடுவிலுள்ள கூழுக்குள் போய்விட்டது. நரம்பும் இரத்தக்குழாயும் அங்கேதான் இருக்கின்றன. கையில் அடிபட்டால் வீங்க இடம் உண்டு. பல்லுக்குள் சுற்றிலும் கல் போன்ற சுவர். அழுத்தம் போக வழியில்லை. படுத்தால் தலைக்கு இரத்தம் கூடுதலாகப் பாயும், அதனால்தான் தலையணையில் சாய்ந்ததும் தெறித்தது. சூடு பட்டு வலித்து, ஐஸ் தண்ணீரில் அடங்கியது என்றாயே, அதைப் படித்ததும் எனக்கு மனம் பதறியது. அந்த நரம்பு இனிமேல் தேறாது என்பதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் குறைவு.

வெள்ளிக்கிழமை அது செத்திருக்கும் என்றே தோன்றுகிறது. செத்த நரம்புக்குச் சூடும் தெரியாது, குளிரும் தெரியாது. ஆனால் கிருமி அங்கேயே இருக்கிறது. வேர்நுனி வழியாகத் தாடை எலும்புக்குள் இறங்கிச் சீழ் வைக்கும். அதற்கு வாரமும் ஆகலாம், மாதங்களும் ஆகலாம்.

நாத்தனாரின் மாத்திரையைத் தொடாதே. பல்லுக்குள் இரத்த ஓட்டமே நின்றுவிட்டால், விழுங்கிய மருந்து எந்த வழியாக அங்கே போய்ச் சேரும்? பல்லைத் திறந்து சுத்தம் செய்ய வேண்டும், அல்லது பிடுங்க வேண்டும். காசு இல்லையென்றால் பிடுங்குவதும் சிகிச்சைதான், அதில் வெட்கம் ஒன்றுமில்லை. அரசாங்கப் பல் கிளினிக்கில் கட்டணம் மிகக் குறைவு. வலியோடு போகிறவர்கள் காலையிலேயே போய் எண் எடுத்துக்கொள்வது நல்லது. கடைவாய்ப்பல்லின் வேர்ச்சிகிச்சைக்கு நிபுணரிடம் அனுப்பினால் காத்திருக்க வேண்டி வரலாம், அதையும் கேட்டுத் தெரிந்துகொள்.

ஜெலுத்தோங் தம்பி, நீங்களும் போய்க் காட்டுங்கள். கிராம்புத் தைலம் கொஞ்ச நேரம் மரத்துப்போகச் செய்யும், அவ்வளவுதான். அதிகமாகத் தடவினால் ஈறு வெந்துவிடும். உங்கள் ஆறு மாத நிம்மதியை நினைத்தால் எனக்குக் கவலையாகத்தான் இருக்கிறது.

இன்னொன்று. வலி திரும்பினால் பெனடோலை அட்டையில் போட்டிருக்கும் அளவுக்குள் எடுத்துக்கொள்ளலாம். பொன்ஸ்தான், ஐபுபுரோஃபன் போன்ற வலி மாத்திரைகளை, ஆஸ்துமா, வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கேட்காமல் எடுக்கக் கூடாது. கர்ப்பமாக இருந்தாலும் அப்படியே. காய்ச்சல் அடித்து டிங்கியோ என்ற சந்தேகம் இருந்தால் அவற்றின் பக்கமே போகாதீர்கள், இரத்தக்கசிவு வரலாம்.

பதில் 3: செந்தூல்வாசி

மிஸ்ஸி சொல்வதை நான் என் அப்பாவிடம் கண்ணால் பார்த்தேன். அவருக்கு இனிப்புநீர் (நீரிழிவு) நோய். பல் வலித்து, நின்று, இரண்டு மாதம் சும்மா இருந்தது. இடையில் ஒரு கிளினிக்கில் பல்லைத் திறக்காமலே மூன்று முறை மாத்திரை மட்டும் கொடுத்து அனுப்பினார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் கெட்டியாக வீங்கிவிட்டது. நாக்கு மேலே தூக்கிக்கொண்டது, எச்சில் விழுங்க முடியவில்லை, பேச்சு குழறியது. அவசரப் பிரிவில், இன்னும் தாமதித்திருந்தால் மூச்சுக்குழாய் அடைத்திருக்கும் என்றார்கள். கழுத்தில் கீறிச் சீழை வடித்தார்கள். பிழைத்துக்கொண்டார்.

அந்த மாதிரி வீக்கம், விழுங்க முடியாமை, வாய் திறக்க முடியாமை, மூச்சுத் திணறல் வந்தால் தேதிக்குக் காத்திருக்காதீர்கள் சகோதரி. 999க்கு அழையுங்கள்.

கோலாலம்பூரில் இருப்பவர்களுக்கு ஒரு தகவல்: மலாயாப் பல்கலைக்கழகப் பல் மருத்துவப் பிரிவில் மாணவர்கள் ஆசிரியரின் மேற்பார்வையில் சிகிச்சை செய்கிறார்கள். நேரம் பிடிக்கும், ஆனால் பொறுமையாகச் செய்கிறார்கள். அப்பாவின் மற்ற பற்களை அங்கேதான் பார்த்தோம்.

பதில் 4: இரவுவேலைக்காரி

போய் வந்துவிட்டேன். வீட்டுக்காரரிடம் மிஸ்ஸியின் பதிலைப் படித்துக் காட்டினேன், அவரே வண்டியில் அழைத்துப் போனார்.

மருத்துவர் சின்னப் பஞ்சில் எதையோ தெளித்தார், பஞ்சின்மேல் பனி படர்ந்தது. அதை நல்ல பல்லில் வைத்ததும் நான் துள்ளிவிட்டேன். சொத்தைப்பல்லில் வைத்தார், வைத்தே இருந்தார், எனக்கு எதுவும் தெரியவில்லை. பிறகு கண்ணாடிக் கருவியின் பிடியால் மெதுவாகத் தட்டினார். அப்போதுதான் உள்ளே ஆழத்தில் ஒரு மந்தமான வலி இருந்தது. எக்ஸ்ரேயில் வேர்நுனியைச் சுற்றி ஒரு மெல்லிய கறுப்பு நிழல் தெரிவதைக் காட்டினார். கிருமி ஓர் ஆண்டாகவே உள்ளே இறங்கிக்கொண்டிருந்திருக்கும் என்றார்.

மரத்துப்போக ஊசி போட்டு, பல்லைச் சுற்றி ரப்பர்த் துணி மாட்டித் திறந்தார். அழுகிய முட்டை போல ஒரு நாற்றம் வந்தது. அது என் வாயிலிருந்து வருகிறது என்று நினைக்கவே அழுகை வந்தது. மூன்று வேர்க்குழாய்கள் இருந்தன. மெல்லிய ஊசி போன்ற கருவிகளால் ஒவ்வொன்றையும் சுரண்டிச் சுரண்டிக் கழுவி, மருந்து வைத்துத் தற்காலிகமாக அடைத்திருக்கிறார். அடுத்த முறை நிரந்தரமாக நிரப்பி, அதன்மேல் உறை போட வேண்டுமாம். உறைக்குத் தனியாகச் செலவாகும். தவணையாகக் கட்டலாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

ஆன்டிபயாட்டிக் கொடுக்கவில்லை. வீக்கமோ காய்ச்சலோ இல்லாததால் தேவையில்லை என்றார்.

மிஸ்ஸி, பையனுக்கு ஏழு வயது. அவனுக்கும் பின்பல்லில் ஒரு கறுப்புப் புள்ளி இருக்கிறது. விழப்போகிற பல்தானே என்று விட்டுவிடலாமா?

பதில் 5: பழைய மிஸ்ஸி

மனம் நிறைந்தது அம்மா. உறை போடும்வரை அந்தப் பக்கம் முறுக்கு, எலும்பு, ஐஸ் எதையும் கடிக்காதே, பல் பிளந்துவிட்டால் இத்தனை பாடும் வீண். தற்காலிக அடைப்பு விழுந்துவிட்டால் அன்றே கிளினிக்குக்கு அழைத்துச் சொல்.

பையன் விஷயம்: பால் கடைவாய்ப்பற்கள் விழப் பத்து, பதினொரு வயது, சில பிள்ளைகளுக்குப் பன்னிரண்டும் ஆகும். அதுவரை அவன் அவற்றால்தான் சாப்பிட வேண்டும். ஆறு வயதிலேயே அவற்றுக்குப் பின்னால் நிரந்தரக் கடைவாய்ப்பல் முளைத்திருக்கும். பெற்றோர் பலர் அதையும் பால்பல் என்று நினைத்துவிடுகிறார்கள். கறுப்புப் புள்ளி எதில் இருக்கிறது என்று எண்ணிப் பார். நடுக்கோட்டிலிருந்து ஆறாவது பல் என்றால் அது அவனுக்கு ஆயுள் முழுவதும் வேண்டிய பல். எதுவாக இருந்தாலும் இந்த வாரமே அழைத்துப் போ. போகும்போது "ஊசி வலிக்காது" என்று மட்டும் சொல்லிவைக்காதே. ஊசி என்ற சொல்லே அவன் காதில் விழ வேண்டாம்.