மறு: ‘ஹோம் தியேட்டர் பைபாஸ்’ என்பதற்குத் தமிழ்ச்சொல்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். ஆம்ப்ளிஃபையரின் ஒலியளவுக் குமிழைத் தவிர்த்துச் செல்லும் ‘ஹோம் தியேட்டர் பைபாஸ்’ உள்ளீட்டுக்குத் தமிழ்ப்பெயர் தேடும் நம் உரையாடலில் எழுந்த கேள்விகளுக்கு என் மறுமொழி இது.

> ‘பைபாஸ்’ என்பதற்குப் ‘புறவழி’ ஏற்கெனவே வழக்கில் உள்ளது. ‘புறவழி உள்ளீடு’ என்று வைத்துக்கொண்டால் போதாதா?

போதாது என்றே கருதுகிறேன். ஓர் ஆம்ப்ளிஃபையரில் புறவழிகள் பல உண்டு. பாஸ், ட்ரெபிள் திருத்தங்களைத் தவிர்த்துச் செல்லும் வழியும் புறவழிதான். அதைத் தெரியாமல் அழுத்திவிட்டாலும் யாருக்கும் இழப்பில்லை. நாம் பெயர் தேடும் வழியோ ஒலியளவுக் கட்டுப்பாட்டையே தவிர்த்துச் செல்கிறது. தீங்கற்ற ஒன்றும் ஸ்பீக்கரை எரிக்கக்கூடிய ஒன்றும் ஒரே பெயரில் நின்றால், கையேட்டைப் படிப்பவர் எச்சரிக்கை அடைய வழியே இல்லை.

பொருளை ஒருமுறை தெளிவாக்கிக்கொள்வோம். படம் பார்க்க ஏவி ரிசீவரும் (படத்தின் பல தட ஒலியைப் பிரித்துப் பெருக்கும் கருவி) பாட்டுக் கேட்கத் தனி ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையரும் வைத்திருப்பவர், முன்புற இரண்டு ஸ்பீக்கர்களை மட்டும் இரண்டுக்கும் பொதுவாக்க விரும்புகிறார். ஸ்பீக்கர்கள் ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையரிலேயே நிலையாக இணைந்திருக்கும். ரிசீவரின் முன்புற ஸ்பீக்கர்களுக்கான ப்ரீ அவுட் முனைகளிலிருந்து (ஸ்பீக்கரை இயக்கும் அளவுக்குப் பெருக்கப்படாத குறிகையை வெளியே தருபவை) வரும் வடம் இந்தச் சிறப்பு உள்ளீட்டில் சேரும். படம் ஓடும்போது ஒலியளவை ரிசீவர் ஒன்றே ஆள்கிறது. பாட்டுக் கேட்கும்போது ரிசீவரை அணைத்தே வைக்கலாம். சிறப்பு உள்ளீடு இல்லாத ஆம்ப்ளிஃபையர்களில், குமிழை ஏதேனும் ஓர் இடத்தில் நிறுத்தி, அங்கே அடையாளமிட்டு, அந்த நிலைக்கேற்ப ரிசீவரின் ஒலிச்சமநிலையைச் சரிசெய்துகொள்கிறார்கள். அடுத்த நாள் வேறொருவர் குமிழைத் தொட்டுவிட்டால் அத்தனையும் குலைந்துபோகும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

> பல கையேடுகள் ‘யூனிட்டி கெயின்’ என்கின்றன. ‘ஒருமைப் பெருக்கம்’ என்று நேராகவே சொல்லலாமே.

இச்சொல்லில் இலக்கணப் பிழை இல்லை. ஆனால் அது, வரும் குறிகையைக் கூட்டாமலும் குறைக்காமலும் கடத்தும் முன்பெருக்கிப் பகுதியை மட்டுமே விவரிக்கிறது. ஒன்றால் பெருக்கினால் அளவு கூடாதென்று நினைப்பது இயல்பு. உள்ளே, அதற்கடுத்து நின்று ஸ்பீக்கரை இயக்கும் திறன்பெருக்கியோ பெரும்பாலும் 26 டெசிபெல் அளவுக்கு, அதாவது மின்னழுத்தத்தை ஏறத்தாழ 20 மடங்காகப் பெருக்குகிறது. அந்த உள்ளீட்டில் ஒருவர் தவறுதலாக சிடி பிளேயரைச் செருகிவிட்டதாகக் கொள்வோம். அதன் முழு அளவு வெளியீடு வழக்கமாக 2 வோல்ட். 20 மடங்கானால் 40 வோல்ட். 8 ஓம் ஸ்பீக்கரில் அது 200 வாட். 60 வாட் ஆம்ப்ளிஃபையரால் அதைத் தர இயலாது. ஆகவே அலையின் முகடுகள் வெட்டுப்படும். வெட்டுப்பட்ட அலையில் மிகுந்து நிற்கும் உயர் அதிர்வெண் கூறுகள், உயர் ஒலிகளுக்கான சிறு ஸ்பீக்கரான ட்வீட்டரின் மெல்லிய கம்பிச்சுருளுக்குச் சென்று அதைச் சூடாக்கும். குமிழைக் குறைத்துத் தப்பவும் முடியாது, ஏனெனில் அந்தக் குமிழ் அப்போது எதனோடும் தொடர்பில்லாமல் சுழல்கிறது. ‘ஒருமை’ என்ற சொல் இந்த இடத்தில் பொய்யான ஆறுதலைத் தருகிறது.

எனவே நான் முன்வைப்பது ‘குமிழ்விலக்கு’. வரிவிலக்குப் பெற்ற பொருள்மீது வரி செல்லாதது போல், குமிழ்விலக்குப் பெற்ற உள்ளீட்டின்மீது குமிழின் ஆணை செல்லாது. மதுவிலக்கில் உள்ள ‘விலக்கு’ தடையைத்தானே குறிக்கிறது என்று கேட்பவர்கள் இருக்கலாம்; அப்படிக் கொண்டாலும் பயனருக்குக் கிடைக்கும் செய்தி மாறுவதில்லை. இது நிலையைக் குறிக்கும் பெயராகவும் நிற்கும் என்பது கூடுதல் வசதி. சில கருவிகளில் தனி உள்ளீடு கிடையாது. அமைப்புப் பட்டியலில் (செட்டிங்ஸ் மெனு) ஏதேனும் ஓர் உள்ளீட்டைத் தேர்ந்து இப்பண்பை ஏற்றவேண்டும். அங்கே ‘இவ்வுள்ளீடு குமிழ்விலக்கில் உள்ளது’ என்று எழுதலாம். ‘புறவழியில் உள்ளது’ என்றால் எதன் புறவழி என்ற கேள்வி எழும். ரிமோட் மட்டுமே உள்ள கருவியில் குமிழ் ஏது என்ற மறுப்பை நான் பெரிதாகக் கருதவில்லை.

> ப்ரீ அவுட் இல்லாத ரிசீவருக்கு ஸ்பீக்கர் செலக்டர் பெட்டிதான் வழி. அதற்கும் ஒரு சொல் தேவை.

இங்கே ஒரு சொல் அன்று, இரண்டு தேவை. கடையில் ஸ்பீக்கர் செலக்டர் என்ற பெயரில் கிடைப்பவற்றுள் பெரும்பாலானவை ஓர் ஆம்ப்ளிஃபையரைப் பல ஸ்பீக்கர்களுக்குப் பகிர்பவை. அதைத் திருப்பிப்போட்டு இரண்டு ஆம்ப்ளிஃபையர்களை ஒரு சோடி ஸ்பீக்கருக்கு இணைப்பவர்கள், இரண்டு பொத்தான்களும் சேர்ந்தே அழுந்தக்கூடியவை என்பதைக் கவனிப்பதில்லை. அப்படி அழுந்தினால் ஓர் ஆம்ப்ளிஃபையரின் வெளியீடு மற்றொன்றின் வெளியீட்டில் நேராகப் பாயும். டேம்பிங் ஃபேக்டர் (ஸ்பீக்கரின் இம்பீடன்ஸ், அதாவது மின்னெதிர்ப்பு, ஆம்ப்ளிஃபையருடையதைப் போல் எத்தனை மடங்கு என்ற எண்) 100 உள்ள ஆம்ப்ளிஃபையரின் வெளியீட்டு இம்பீடன்ஸ் 8 ஓம் கணக்கில் 0.08 ஓம்தான்; எதிரே நிற்பதற்கு அது குறுக்குச்சுற்றுக்குச் சமம். எனவே முன்னதைப் ‘பகிர்பெட்டி’ என்றும், இரண்டு ஆம்ப்ளிஃபையர்களுள் ஒன்றை மட்டுமே அனுமதிப்பதை ‘மாற்றுப்பெட்டி’ என்றும் பிரித்து வழங்குவோம்.

மாற்றுப்பெட்டியின் சுவிட்ச், பழைய தொடர்பை அறுத்த பிறகே புதியதைத் தொடவேண்டும். இப்பண்புக்கு நம்மிடம் ‘விட்டுப்பிடி’ என்ற சொல்லே இருக்கிறது. ‘விட்டுப்பிடி சுவிட்ச்’ என்றால் செயலின் வரிசை வினையெச்சத்திலேயே அடங்கிவிடுகிறது. எதிர்வகைக்குப் ‘பிடித்துவிடு’ என்று வைக்க முடியாது, விடு துணைவினையாக மாறிவிடும். ‘பிடித்தபின்விடு’ என்று நீட்டத்தான் வேண்டும். பிரிட்ஜ் முறையில் (ஸ்பீக்கரின் இரு முனைகளையும் இரண்டு பெருக்கிகள் எதிரெதிராக இயக்கும் முறை) இயங்கும் ஆம்ப்ளிஃபையர்களின் எதிர்முனை தரையோடு சேர்ந்ததன்று என்பதால், மாற்றுப்பெட்டி இரண்டு கம்பிகளையும் சேர்த்தே மாற்றவேண்டும். ‘இருகம்பி மாற்று’ என்பதையும் பட்டியலில் சேர்க்கலாம்.

‘ஒலிபெருக்கி’ என்பதை இப்பட்டியலில் முற்றாகத் தவிர்க்குமாறு வேண்டுகிறேன். வழக்கில் அது ஸ்பீக்கர், சொற்பொருளில் ஆம்ப்ளிஃபையர். ‘ஒலிபெருக்கி வெளியீடுகளை இணைக்காதீர்கள்’ என்று எழுதினால் எதை என்று தெரியாது. இலங்கைப் பாடநூல்களின் ‘விரியலாக்கி’ இக்குழப்பம் அற்றது. அதை இங்கும் ஏற்பதில் எனக்குத் தடையில்லை.

எஞ்சியிருப்பது 12 வோல்ட் ட்ரிகர். ரிசீவர் விழித்தவுடன் ஆம்ப்ளிஃபையரையும் எழுப்பி, சில கருவிகளில் தானே குமிழ்விலக்குக்கு மாற்றிவிடும் சிறு கம்பி அது. ‘தூண்டல்’ மின்காந்தத் தூண்டலோடு மோதுகிறது. ‘எழுப்புக்கம்பி’ என்று தற்காலிகமாகக் குறித்திருக்கிறேன். மேலானது இருந்தால் எழுதுங்கள்.