மறுமடல்: மேஜர் பரமேஸ்வரன் நினைவு வளைவுக்கு நன்கொடை

அண்ணாச்சிமாருக்கு வணக்கம்.

ஆளுக்கு ஐயாயிரம் கேட்டிருக்கிறீர்கள், தருகிறேன். ஆனால் முதலில் கல்வெட்டைத் திருத்துங்கள். மயிலாடி கல்சிற்பப் பட்டறையில் கல்லின்மேல் பெயிண்டால் எழுதி வைத்திருப்பதைச் சித்தி மகன் படம் எடுத்து அனுப்பினான். 'கார்கில் வீரர், நம் மாவட்ட மைந்தர்' என்றிருக்கிறது. இரண்டும் தப்பு. இன்னும் உளி வைக்கவில்லையாம், இப்போதே ஒரு போன் போட்டால் போதும்.

மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் 1946இல் பம்பாயில் பிறந்தவர். சென்னையில் பயிற்சி முடித்து 1972இல் ராணுவத்தின் மகார் ரெஜிமெண்டுக்குப் போனார். இறந்தது யாழ்ப்பாணத்தில், இலங்கைக்குப் போன இந்திய அமைதிப் படையில் இருந்தபோது. 1987 நவம்பர் 25 இரவு, தேடுதல் முடித்துத் திரும்பும் வழியில் புலிகள் சுட, ஆட்களைக் கூட்டிக்கொண்டு பின்பக்கமாகச் சுற்றி வளைத்திருக்கிறார். கைகலப்பில் நெஞ்சில் குண்டு பாய்ந்தும், சுட்டவனின் துப்பாக்கியையே பிடுங்கி அவனைச் சுட்டார். உயிர் போகும்வரை உத்தரவு கொடுத்தபடி இருந்தார். அந்தப் படையில், போர்க்கள வீரத்துக்கு நாடு தரும் மிக உயர்ந்த விருதான பரம்வீர் சக்கரம் வாங்கியவர் அவர் ஒருவர்தான். இதை எழுதினால் போதாதா, கார்கில் எதற்கு?

நம்ம ஊர் ஆள் இல்லையென்றால் வளைவே வேண்டாம் என்கிறார் மஸ்கட் அத்தான். குளச்சல் வெற்றித் தூண் முன்னால் நின்று படம் எடுத்துக் குழுவில் போட்டாரே, 1741இல் டச்சுக்காரனை அடித்தது அவர் பாட்டாவா?

எங்கள் மாமாவும் அந்தப் படையில் இருந்தவர். யாழ்ப்பாண ஆஸ்பத்திரியில் அந்த அக்டோபரில் படை உள்ளே நுழைந்தபோது நோயாளிகளும் ஊழியர்களும் செத்த பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவார். 1990 மார்ச்சில் படை திரும்பியபோது முதல்வர் கருணாநிதியே வரவேற்கப் போகவில்லை. அது அரசியல், விடுங்கள். ஊரில் டீக்கடையில் வைத்து, 'தமிழனைச் சுட்டுட்டு வந்தவன்' என்று மாமா முகத்துக்கு நேரே சொன்னது எந்த வீட்டார் என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும். இன்றைக்கு நன்கொடைப் பட்டியலில் முதல் பெயர் அவர்களுடையது! மாமா சாகும்வரை அந்தக் கடைப் பக்கம் போகவில்லை. அந்த வீட்டுக் கல்யாணத்துக்கு மட்டும் பந்தல்கால் நட அவரைத்தான் கூப்பிட்டார்கள், அவரும் போனார்.

சரி, கணக்குக்கு வருகிறேன். போன கோயில் கொடைக்குப் பிரித்ததில் மிச்சப் பணம் வாசகசாலைக் கூரைக்கு என்றீர்கள். கூரை இன்னும் ஒழுகுகிறது, பேப்பர் கட்டெல்லாம் நனைந்து கிடக்கிறது என்கிறான் தம்பி. அந்த வரவு செலவையும் மயிலாடி பில்லையும் சேர்த்துக் குழுவில் போடுங்கள். பொருளாளர் அண்ணாச்சி எனக்குத் தனியாக அனுப்ப வேண்டாம்.