பூச்சிமருந்துக் கண்காணிப்பு அலுவலர்களின் பயிற்சிக்கு நிதி எங்கிருந்து வர வேண்டும்?

கேள்வி: செம்பனைக்காட்டுக்காரன், சுங்கை சிப்புட்

எங்கள் வட்டாரக் குடியிருப்பாளர் சங்கம் நாடாளுமன்ற உறுப்பினரிடம் ஒரு மகஜர் கொடுக்கவிருக்கிறது. மருந்தடிப்பையும் மருந்து விற்பனையையும் கண்காணிக்கும் அரசு அலுவலர்களுக்கு ஆண்டுதோறும் தவறாமல் பயிற்சி வேண்டும் என்பதே அதன் சாரம். மலேசியாவில் பாராகுவாட் என்னும் களைக்கொல்லி 2020 ஜனவரியிலும், விவசாயத்திற்கான குளோர்பைரிபாஸ் என்னும் பூச்சிக்கொல்லி 2023 மே மாதத்திலும் தடை செய்யப்பட்டன. ஆனால் தடையை நடைமுறைப்படுத்துகிறவருக்கு எதைப் பார்க்க வேண்டும் என்று தெரியாவிட்டால் அந்த உத்தரவால் தோட்டத்துத் தொழிலாளிக்கு என்ன பயன்? இங்கே ஒரு கடையில், பெயர்ச்சீட்டு இல்லாத தண்ணீர் போத்தலில் களைக்கொல்லியை ஊற்றி விற்றதைக் கண்டு புகார் செய்தோம். வந்த அலுவலர் கடையின் உரிமத்தைச் சரிபார்த்துவிட்டுச் சென்றார். போத்தலிலிருந்து மாதிரி எடுக்கவில்லை. அவர்மீது எனக்குக் கோபமில்லை, அந்த வேலையை அவருக்கு யாரும் சரியாகக் கற்பித்திருக்கமாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

சங்கத்தில் சிலர் மனிதவள மேம்பாட்டு நிதியைக் கேட்கலாம் என்கிறார்கள். சிலர் மருந்து நிறுவனங்களே செலவை ஏற்கட்டும் என்கிறார்கள். எதை எழுதுவது?

பதில்: ஓய்வுபெற்ற விவசாய அலுவலர், ஈப்போ

ஐயா, மனிதவள மேம்பாட்டு நிதி இதற்குப் பொருந்தாது. அது முதலாளிகள் சம்பளத் தொகையில் ஒரு விழுக்காட்டை லெவியாகச் செலுத்தி, தங்கள் சொந்தத் தொழிலாளர்களைப் பயிற்றுவிப்பதற்காக ஏற்பட்டது. தோட்ட நிர்வாகம் அதைக்கொண்டு மருந்தடிப்பவர்களுக்கும் அவர்களை மேற்பார்க்கும் மண்டோருக்கும் பயிற்சி தரலாம், தரவும் வேண்டும். ஆனால் அரசு அலுவலருக்கு அது போகாது.

1974ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்படி மருந்துகளைப் பதிவு செய்வது, விற்பனைக்கும் சேமிப்புக்கும் உரிமம் தருவது எல்லாம் கட்டணத்துடன் நடப்பவை. அரசுக்கு வரும் வருமானம் பொதுவாகக் கூட்டரசின் பொதுக் கருவூலமான ஒருங்கிணைந்த நிதியில் சேர்ந்துவிடுகிறது. பிறகு ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் ஒதுக்கினால்தான் பயிற்சிக்கு வரும். சிக்கனம் என்று வந்தால் முதலில் கத்தரிக்கப்படுவது பயிற்சிச் செலவுதான் என்பதை என் பணிக்காலத்தில் பார்த்து வருந்தியிருக்கிறேன். 1957ஆம் ஆண்டு நிதி நடைமுறைச் சட்டம் குறிப்பிட்ட நோக்கத்திற்கென ஒதுக்கி வைக்கும் தனி அறக்கணக்குகளுக்கு இடமளிக்கிறது. பதிவுக் கட்டணத்தில் ஒரு பங்கை அப்படியொரு கணக்கில் ஒதுக்கி, அதைப் பயிற்சிக்கும் ஆய்வுக்கூடத்திற்கும் மட்டும் செலவிட வேண்டும் என்று கேளுங்கள்.

நீங்கள் சொன்ன போத்தல் விஷயம் சாதாரணமானதன்று. மாதிரியை எடுத்த இடம், நேரம், முத்திரை, கையொப்பம், ஆய்வுக்கூடத்தில் ஒப்படைத்த பதிவு ஆகியவற்றில் ஒன்று தவறினாலும் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் வழக்கையே உடைத்துவிடுவார். இதை வகுப்பறையில் ஒரு நாள் விரிவுரை கேட்டுக் கற்க முடியாது, கையால் செய்து பழக வேண்டும்.

பதில்: முன்னாள் தோட்ட மருத்துவ உதவியாளர், பீடோர்

ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மருந்தின் பதிவையும் விற்பனையையும் பார்ப்பது விவசாயத் துறை; தொழிலாளியின் உடம்பில் அது படுவதைப் பார்ப்பது 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்கும் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறை. இரு துறை அலுவலர்களும் ஒரே தோட்டத்தில் ஒன்றாக நின்று பயிலாவிட்டால், நடுவில் இருக்கும் தொழிலாளி யார் பொறுப்பிலும் இல்லாமல் போவான்.

முதுகில் சுமக்கும் பம்பின் மூடி கசிந்து, சட்டையின் பின்புறம் இடுப்புவரை நனைந்திருப்பதை நான் மருந்தகத்தில் எத்தனையோ முறை கண்டிருக்கிறேன். சாமான் கொட்டகையின் பூட்டையும் பதிவேட்டையும் சரிபார்க்கும் அலுவலர், வரிசையில் நிற்கும் தொழிலாளியைத் திரும்பி நிற்கச் சொல்லிப் பார்க்கவும் பழக வேண்டும். ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்துகள் ரத்தத்திலுள்ள கோலினெஸ்டரேஸ் என்னும் நொதியின் செயல்பாட்டைக் குறைப்பவை. பணிக்கு முன் எடுத்த அளவு இல்லாமல் பின்னால் எடுத்த அளவை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றையும் உறுதியாகச் சொல்ல இயலாது. இதை அறிந்த அலுவலர் முதல் கேள்வியாக அந்த ஆவணத்தைத்தான் கேட்பார். அக்காலத்தில் மருந்தடித்தவர்களில் நம் பெண்களே அதிகம், இன்று வங்காளதேசிகளும் நேப்பாளிகளும் இந்தோனேசியர்களும் வந்துவிட்டார்கள். ஆகவே மொழிபெயர்ப்பாளருக்கான செலவும் இந்த நிதியில் அடங்க வேண்டும்.

பதில்: சட்ட மாணவி, தாப்பா

மருந்து நிறுவனங்கள் நேரடியாகப் பயிற்சி நடத்துவதை அருள்கூர்ந்து கேட்காதீர்கள். யாரைச் சோதிக்க வேண்டுமோ அவர் செலவில் தங்கி, அவர் தயாரித்த பாடத்தைப் படித்து வரும் அலுவலரைத் தொழிலாளி எப்படி நம்புவார்? பணம் அவர்களிடமிருந்து வரலாம், ஆனால் சட்டப்படியான கட்டணமாக அரசின் கைக்கு வர வேண்டும். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பூச்சிமருந்து விற்பனையின்மீது ஒரு தீர்வை உண்டு. 2004 முதல் 2024 வரை அது ஒரு டாலருக்கு 2.1 சென்ட்டாக இருந்தது. பின்னர் படிப்படியாக உயர்த்தப்படுகிறது. மாநில ஒழுங்குமுறைத் துறையும், களத்தில் சோதனை செய்யும் மாவட்ட விவசாய ஆணையர்களும் அந்த வருவாயைப் பெறுகிறார்கள். அந்நாட்டில் மாநில அலுவலர்களுக்கான பயிற்சித் திட்டங்களுக்குக் கூட்டரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும் தனியே நிதி தருகிறது.

பதில்: செம்பனைக்காட்டுக்காரன், சுங்கை சிப்புட்

மூவருக்கும் நன்றி. தனி அறக்கணக்கு, இரு துறைக்கும் கூட்டுக் களப்பயிற்சி, மொழிபெயர்ப்பாளர் செலவு ஆகியவற்றை மகஜரில் எழுதுகிறோம். நிறுவனங்களின் ஆதரவைக் கேட்கும் பத்தியை எடுத்துவிடுகிறோம். மலாய் மொழியில் வரைவதற்கு ஓய்வுபெற்ற அலுவலர் ஐயா உதவ முடியுமானால் தெரிவியுங்கள்.