கூரை சரி, முறையை என்ன செய்யப் போகிறோம்?

அண்ணன்மார், மதினிமார், தம்பி தங்கச்சிமார் எல்லாருக்கும் வணக்கம்.

மேலூர் ரோட்டில் காலையில் கொத்தனாரும் சித்தாளும் வேலைக்குக் காத்து நிற்கிற இடத்தில் தகரக் கூரை போடலாம் என்று போன வாரம் நம் ஊர்ச் சங்கத்தில் மடல் வந்தது. யாரும் மறுக்கவில்லை, நானும் மறுக்க மாட்டேன். ஆனால் என் அப்பா அங்கே எட்டு வருஷம் நின்றவர். ஆறு மணிக்குத் தூக்குச்சட்டியோடு போவார். மேஸ்திரி டிவிஎஸ் ஃபிப்டியை விட்டு இறங்காமலேயே விரலை நீட்டுவார். 'நீ, நீ, அந்தப் பச்சைச் சேலை.' முந்தின நாள் சாயங்காலம் அவருக்கு டீ, வடை வாங்கிக் கொடுத்தவருக்கு (சில பேர் அதுக்கு மேலேயும்) முதல் விரல். அப்பா கொடுக்க மாட்டார். பத்து மணிக்குச் சட்டி திறக்காமலே வீடு திரும்பும். வெயிலைப் பற்றி அவர் ஒருநாளும் குறை சொன்னதில்லை. அந்த விரலைப் பற்றித்தான் பேசுவார்.

சான் பிரான்சிஸ்கோவில் நான் படகு இறங்கும் கட்டடத்துக்கு முன்னால் ஒரு சதுக்கம் இருக்கிறது. ஹாரி பிரிட்ஜஸ் என்று பெயர். நாலு வருஷம் அதை மிதித்துக்கொண்டே வேலைக்குப் போனேன், யார் என்று கேட்டதில்லை. அப்புறம் ஒருநாள் தேடிப் படித்தால், அதே கரையோரத்தில் 1934 வரை கப்பல் சரக்கு இறக்குகிறவர்கள் விடியலில் கூட்டமாக நிற்பார்களாம். ஃபோர்மன் வந்து ஆளைப் பொறுக்குவான். அவனுக்குச் சாராயமோ கூலியில் பங்கோ போயாக வேண்டும். எனக்கு மேலூர் ரோடு கண்முன்னால் வந்துவிட்டது.

பிரிட்ஜஸ் 1901இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் பிறந்தவர். சின்ன வயதில் கப்பலேறி, 1920இல் இங்கே வந்து, 1922 முதல் துறைமுகத்தில் சரக்கு இறக்கினார். 1934 மே 9 அன்று மேற்குக் கரைத் துறைமுகங்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது இவர்தான் முன்னால் நின்றார். கூலி உயர்வும் கேட்டார்கள். ஆனால் விடாப்பிடியாக நின்றது, ஆளெடுப்பது யார் கையில் என்பதில். ஜூலை 5 அன்று போலீஸ் சுட்டதில் இரண்டு பேர் செத்தார்கள். பதினொரு நாள் கழித்து நகரமே நாலு நாள் வேலையை நிறுத்தியது. துறைமுகப் போராட்டம் மொத்தம் 83 நாள். அக்டோபரில் வந்த தீர்ப்பில் மணிக்கு 95 சென்ட் கூலி, நாளுக்கு 6 மணி நேர வேலை. என்னைக் கேட்டால் அதைவிடப் பெரிது ஆளனுப்பும் கூடம். கூடத்தை இரண்டு தரப்பும் சேர்ந்து நடத்தும், ஆளை அனுப்புகிறவர் மட்டும் சங்கம் தேர்ந்தெடுத்தவர். இதுவரை யாருக்குக் குறைந்த மணி நேரம் வேலை கிடைத்திருக்கிறதோ அவருக்கு முதல் அழைப்பு.

நமக்கு இது புதுசா? பெரியாறு வாய்க்காலில் தண்ணீர் குறைந்தால் முறை வைத்துத்தானே விடுகிறார்கள்? கள்ளந்திரி வரைக்கும் இருபோகம், மேலூர்ப் பக்கம் ஒருபோகம், அதிலும் கடைமடைக்காரன் ராத்திரி பேட்டரி லைட்டோடு வரப்பில் குந்தியிருப்பது முறை தப்பிவிடக் கூடாதே என்றுதான். பிரிட்ஜஸ் மடைப்பலகையை மேஸ்திரி கையிலிருந்து வாங்கி முறைக்காரர்களிடம் கொடுத்தார்.

அரசாங்கம் சும்மா விடவில்லை. கம்யூனிஸ்ட் என்று சொல்லி நாடு கடத்தப் பார்த்தது, 1955 வரை வழக்கு மேல் வழக்கு. 1945இலும் 1953இலும் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. 1958இல் ஜப்பானிய வம்சாவளிப் பெண்ணைக் கல்யாணம் செய்யப் போனால், வெள்ளைக்காரர் அப்படிக் கட்ட நெவாடா சட்டத்தில் இடமில்லை என்றார்கள். அதற்கும் கோர்ட்டுக்குப் போய் ஜெயித்த பிறகுதான் கல்யாணம்!

ஆளைத் தலையில் தூக்கி வைத்து ஆடவும் எனக்கு இஷ்டமில்லை. 1960இல் இயந்திரங்களை உள்ளே விட ஒப்புக்கொண்டு, பதிலுக்கு ஓய்வுக்காலப் பணமும் வேலை உத்தரவாதமும் வாங்கினார். அது கெட்டிக்காரத்தனம். 1966 ஒப்பந்தத்தில்தான் சறுக்கினார். கிரேன் ஓட்டுகிறவர்களைக் கம்பெனி தனக்கென்று நிரந்தரமாக வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு பிரிவு உள்ளே வந்தது. கூடத்துக்கு வராமலே ஆள் எடுக்கலாம் என்று ஆகிவிட்டால் பழைய விரல்தானே? 1971இல் தொடங்கி 134 நாள் நடந்த வேலைநிறுத்தத்துக்கு அதுவும் ஒரு காரணம். 1977இல் ஓய்வு பெற்றார், 1990இல் இறந்தார்.

சரி, நம் விஷயத்துக்கு வருகிறேன். கூரைக்குக் கீழே ஒரு கரும்பலகை வேண்டும். போன வாரம் யாருக்கு எத்தனை நாள் வேலை கிடைத்தது என்று அதில் எழுத வேண்டும், குறைந்தவர் பெயர் மேலே. மேஸ்திரிகள் லேசில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். நம் ஊர்ச் சங்கத்திலேயே இரண்டு மூன்று மேஸ்திரி வீட்டுக்காரர்கள் இருக்கிறீர்கள், கோவிச்சுக்காதீங்க. எழுதுகிற பொறுப்பை டீக்கடையில் மட்டும் கொடுக்க வேண்டாம், மேஸ்திரிகளுடைய பாக்கிக் கணக்கு அங்கேதான் ஓடுகிறது. நிற்கிறவர்களே மாசத்துக்கு ஒருத்தரைத் தேர்ந்தெடுக்கட்டும். முதல் மாசம் சித்தாள் பெண்களில் ஒருவர் என்றால் எனக்குச் சந்தோஷம்.

கூரைக்கு என் பங்கை நேற்றே அனுப்பிவிட்டேன். பலகைச் செலவை என் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். சாக்பீஸ் டப்பா வாங்கி வைக்க அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன், போகிற யாராவது வீட்டில் வாங்கிக்கொள்ளுங்கள்.