புதுப்பிப்பு: பெட்-சிடியில் நுரையீரல் அடியில் தெரியும் புள்ளி

முன்பு கேட்டது இது: பெட் படத்தில் (உடலில் செலுத்திய கதிரியக்கப் பொருள் எங்கே சேர்கிறது என்று காட்டும் ஸ்கேன்) வலது நுரையீரலின் அடியில் எஃப்.டி.ஜி, அதாவது செலுத்திய கதிரியக்கச் சர்க்கரை, பளிச்சென்று தெரிகிறது, உடன் எடுத்த எக்ஸ்ரே வகை ஸ்கேனான சிடியில் அதே இடத்தில் கட்டி இல்லை. ஏன்?

பெரும்பாலும் மூச்சுதான் காரணம். சிடி சில விநாடிகளில் முடியும். பெட் உடலைப் பகுதி பகுதியாக எடுக்கிறது; அப்படி ஒரு பகுதிக்கே, அதாவது ஒரு படுக்கை நிலைக்கே, பொதுவாக 2 முதல் 3 நிமிடம் எடுக்கும், நோயாளி மூச்சு விட்டுக்கொண்டே இருப்பார். சிடியின்போது நோயாளி மூச்சை ஆழமாக இழுத்துப் பிடித்திருந்தால் உதரவிதானம் (நுரையீரலுக்கும் கல்லீரலுக்கும் இடையிலுள்ள தசை) கீழே இறங்கியிருக்கும். பெட்டில் அதன் சராசரி நிலை மேலே. கல்லீரல் உச்சியிலுள்ள கட்டி, பெட்டையும் சிடியையும் இணைத்த படத்தில் நுரையீரலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

எஸ்யூவியும் (ஓரிடத்தில் எஃப்.டி.ஜி எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்ற அளவு) கெடுகிறது, அதுதான் பெரிய தொல்லை. பெட் பிடிக்கும் 511 கேஇவி ஃபோட்டான்கள் (கதிர்த் துகள்கள்) உடலைக் கடக்கும்போது எவ்வளவு தேய்கின்றன, அதாவது குறைகின்றன, என்பதை இயந்திரம் சிடி அடர்த்தியிலிருந்தே கணக்கிட்டு, அந்த இழப்பைத் திருத்துகிறது; இதுதான் தேய்வுத் திருத்தம். கல்லீரல் இருக்க வேண்டிய இடத்தில் சிடி காற்றைக் காட்டினால் திருத்தம் குறைந்துபோய், உதரவிதானத்தை ஒட்டி வெளிறிய வளைவுப் பட்டை விழும். அதைக் கண்டால் அங்குள்ள எஸ்யூவியைப் பழைய ஸ்கேனோடு ஒப்பிடாதீர்கள்.

தேய்வுத் திருத்தம் செய்யாத பெட் படத்தைத் திறந்து பாருங்கள். பட்டை அதில் இல்லையென்றால் சந்தேகம் தீர்ந்தது. நோயாளி மேசையை விட்டு இறங்கும் முன்பே கவனித்தால், மென்மூச்சில் (இயல்பாக மெல்ல மூச்சு விடும்போது) குறைந்த டோஸ் சிடியும் அந்த ஒரு படுக்கை நிலையும் மட்டும் திரும்ப எடுத்தால் போதும். நுரையீரலின் சிறு கணுக்களை (முடிச்சுகளை) காண ஆழமூச்சு சிடி வேண்டும்தான். அதைத் தனியாக எடுங்கள், திருத்தத்துக்குப் பயன்படுத்த வேண்டாம்.

செயற்கை இடுப்பு மூட்டு போன்ற உலோகத்தில் நடப்பது நேர்மாறு: திருத்தம் கூடிப்போய்ப் பொய்யான பளிச்சிடல் வரும். அதற்கும் திருத்தாத படமே சாட்சி.